நினைவு உபகாரச் சம்பளம் யாருக்கு?

இறந்தார் ஒருவர் பெயரால் உபகாரச் சம்பளம் நிறுவக் கருதுவோர் முதலில் அப்பெயரை எழுதுகின்றனர். அதற்கு அவர்க்கு ஒரு நொடியும் வேண்டுவதில்லை. அடுத்துத் தொகையை எழுதுகின்றனர். அதற்குச் சில நாட்கள் செல்லும். மூன்றாவதாக, இஃது இன்ன மாணாக்கர்க்கு உரியது என்று எழுதவேண்டிய வரியில் எழுதுகோல் நின்றுவிடுகின்றது. அவ்விடத்தில் பெரும்பாலோர், 'ஏழ்மையும் நன்னடக்கையும் கல்வித் தேர்ச்சியும் உடைய மாணாக்கர்' என்று எழுதி முடித்துவிடுவர். கேட்பதற்கு இனிய தொடர்தான். ஆயின் இம்மூன்றும் ஒருவரிடத்தே சேராதபோது எதனை முன்வைப்பது, எதனைப் பின்வைப்பது என்பதை அத்தொடர் சொல்வதில்லை. சொல்லாமையின், தேர்ந்தெடுப்போர் தமக்கு அளக்க எளியதையே அளப்பர். அளக்க எளியது மதிப்பெண். ஆகவே நிறுவியவர் நோக்கம் யாதாயினும், பணம் பல வேளைகளில் முதல் மதிப்பெண் பெற்றவரிடமே சென்று சேர்கின்றது.

இவ்வினா எமக்கு ஏட்டிலிருந்து வந்ததன்று. போடிநாயக்கனூரில் எமக்கு நெருங்கிய ஒரு குடும்பத்தார், காலஞ்சென்ற தம் அன்னையார் நினைவாக ஐந்து இலட்சம் ரூபாயை வைப்பாக இட்டு, அதன் வட்டியை மாணாக்கர்க்கு அளிக்க எண்ணினர். அதற்குரிய வரையறைகளை எழுதித் தருமாறு சென்ற கோடை விடுமுறையில் எம்மைப் பணித்தனர். தமிழ் படிப்பவர்க்கு எதனையும் எழுத வரும் என்பது எம் ஊராரின் நம்பிக்கை. அவ்வம்மையார் நாற்பதாண்டுக் காலம் ஏலத்தோட்டங்களிற் காய் பறித்தவர். விடியுமுன் ஜீப்பில் ஏறிப் போடிமெட்டு வழியாய்ப் பூப்பாறைப் பக்கம் சென்று, பொழுது சாய்ந்தபின் ஊர் திரும்புவார். சிறுமியாய் மூன்றாம் வகுப்புப் பயிலுங்கால், தாய் காய் பறிக்கச் சென்றமையால், கைக்குழந்தையாயிருந்த தம்பியைத் தூக்கி வைத்துக்கொள்ள ஆளின்றிப் பள்ளியினின்று நின்றவர். பின்னர் மீண்டும் செல்லவில்லை. அவர் மக்கள் இன்று ஏலக்காய் வாணிகத்தால் ஓரளவு தழைத்திருக்கின்றனர்.

மக்கள் மூவர்க்கும் மூன்று கருத்து. அன்னையாரைப் போன்றே பொறுமையும் உழைப்பும் உடைய பிள்ளையைத் தேடிக் கொடுக்கவேண்டும் என்பது மூத்த மகனார் விருப்பம். பத்தாம் வகுப்பில் நகரிலேயே முதலாக வருபவர்க்குக் கொடுத்தால்தான் பெயர் நிற்கும் என்றார் இளையவர். மகளாரோ, ஏழைப் பெண்பிள்ளைகள் பத்துப் பேருக்குப் பகிர்ந்து கொடுத்தால் போதும் என்றார். மூவர் சொல்லும் அன்பினின்று எழுந்தவையே. ஆயினும் ஒரு தாளில் மூன்றையும் எழுத இயலாது.

வரையறை என்பது யாது என்பதைப் போடியில் ஒருவருக்கு விளக்குதல் எளிது. சல்லடை என்று சொன்னால் போதும். மலையினின்று இறங்கும் உலர்ந்த காய், ஏலத்திற்குச் செல்லுமுன் சல்லடையில் இடப்படுகின்றது. எட்டு மில்லிமீட்டர்க் காய் ஒரு புறம், ஏழு மில்லிமீட்டர்க் காய் ஒரு புறம், சிறுகாய் வேறொரு புறம். அக்மார்க் வகுத்த உயர்தரப் பச்சைக்காய் ஏழு மில்லிமீட்டர்க்குக் குறையாமலும், ஒரு லிட்டர் அளவு 435 கிராம் எடைக்குக் குறையாமலும் இருத்தல் வேண்டும். சல்லடை பருமனை அளக்கும், மணத்தை அளக்காது. அதனை அறிந்த வணிகர், சல்லடையை மட்டும் நம்பாது, காயை நகத்தாற் பிளந்து உள்ளே விதை கறுத்து முதிர்ந்திருக்கின்றதா என்றும் பார்ப்பர். பருமனுக்காக இட்ட சல்லடையில் மணமுள்ள காய் வரவில்லையே என்று நோதல் சல்லடையின் குற்றமன்று, இட்டவர் குற்றம்.

மற்றொன்றும் ஈண்டுச் சொல்லவேண்டும். ஏலச்செடியின் சரம் அடித்தூரினின்று கிளைத்துத் தரையோடு தரையாய்ப் படர்வது. ஒரே சரத்தில் பூவும் பிஞ்சும் முதிர்ந்த காயும் ஒருங்கே இருக்கும். பூத்த நாள் தொடங்கி முதிர்வதற்கு ஏறக்குறைய நான்கு திங்கள் ஆகும். ஆதலின் ஒரே முறையிற் பறித்து முடித்தல் இயலாது. ஆடி, ஆவணி தொடங்கி மாசி வரை, சுற்றுச் சுற்றாகச் சென்று முதிர்ந்தவற்றை மட்டும் பறித்து, மற்றவற்றை அடுத்த சுற்றுக்கு விட்டு வருவர். நம் உபகாரச் சம்பளங்களோ பெரும்பாலும் ஒரே சுற்றிற் பறித்து முடிப்பவை. குறித்த ஆண்டில் குறித்த பரீட்சையில் முதிர்ந்து தோன்றாத மாணாக்கர்க்கு இரண்டாம் சுற்று இல்லை.

இதற்கு நம் நாட்டில் எல்லாரும் அறிந்த சான்று கணித மேதை இராமாநுஜன். கும்பகோணத்தில் துணிக்கடைக் கணக்கர் ஒருவரின் மகனார் அவர்; தந்தையார் ஊதியம் மாதம் இருபது ரூபாய் அளவினது. 1904-ஆம் ஆண்டில் நகர உயர்நிலைப் பள்ளியில் கணிதத்திற்கென ரங்கநாத ராவ் பெயரால் அமைந்த பரிசைப் பெற்றார். அவ்வாண்டே கும்பகோணம் அரசினர் கல்லூரியில் சேர்ந்தபோது, சுப்பிரமணியம் என்பார் பெயரால் அமைந்த உபகாரச் சம்பளமும் கிடைத்தது. அது பொதுவாக ஆங்கிலத்திலும் கணிதத்திலும் தேர்ச்சி உடையார்க்கு அளிக்கப்பட்டு வந்தது. கல்லூரிக்குள் சென்றதும் அவர் மனம் முழுவதும் கணிதத்திலேயே தோய்ந்தது. ஆங்கிலக் கட்டுரையில் தவறினார். உபகாரச் சம்பளம் நின்றது. அன்னையார் கல்லூரி முதல்வரைக் கண்டு முறையிட்டும் பயன் விளையவில்லை. 1905-ஆம் ஆண்டில் அவர் வீட்டிற் சொல்லாது விசாகப்பட்டினம் சென்றுவிட்டார். 1906-ஆம் ஆண்டில் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தும், எஃப்.ஏ. பரீட்சையிற் கணிதம் ஒழிந்த பாடங்கள் அவரைக் கைவிட்டன.

இவ்வரலாற்றைக் கூறுவோர் பலர் அக்கல்லூரி அதிகாரிகளைக் கடிந்து பேசுவர். யாம் அங்ஙனம் கருதவில்லை. அவர்கள் எழுதியிருந்த விதியை எழுதியவாறே நடத்தினர். ஆங்கிலமும் கணிதமும் என்று எழுதிய தாளில், கணிதத்தில் ஒப்பற்றவராயின் ஆங்கிலத்தைப் பொறுத்துக்கொள்க என்ற ஒரு வரி இல்லை. ஓராண்டு தவறினால் மறுபடியும் முயலலாம் என்ற ஒரு வரியும் இல்லை. இல்லாத வரிகளுக்கு அவர் கொடுத்த விலை ஏறக்குறைய எட்டாண்டு. 1913-ஆம் ஆண்டு மே மாதம் முதல், மாதம் 75 ரூபாயாக இரண்டாண்டுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் அளித்தது. அப்போதும் பட்டம் பெறாதார்க்கு விதி இடந்தராது என்னும் தடை எழுந்தது. ஆராய்ச்சியை வளர்த்தலே பல்கலைக்கழகத்தின் கடன் என்று துணைவேந்தர் சுந்தர ஐயர் எடுத்துக்காட்டியதனால் அத்தடை நீங்கிற்று. 1918-இல் அவர் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார், 1920-இல் மறைந்தார். முப்பத்திரண்டு ஆண்டே வாழ்ந்த ஒருவர்க்கு எட்டாண்டு சிறிதன்று.

ஆகவே இளைய மகனார் சொன்ன முதல் மதிப்பெண் வழியை ஒதுக்கினோம். முதல் மதிப்பெண் பெறுவோர்க்குப் பிற கொடைகளும் பரிசுகளும் தாமே தேடி வருகின்றன என்பதும் ஒரு காரணம்.

இனி, மூத்த மகனார் விரும்பிய நற்குணத்தை நோக்குவோம். உலகில் நற்குணத்தை வரையறையாக எழுதிப் பெரும்புகழ் பெற்ற உயில் 1902-ஆம் ஆண்டில் இறந்த செசில் ரோட்ஸ் என்பாருடையது. தென்னாப்பிரிக்க வைரச் சுரங்கங்களாற் பெருஞ்செல்வம் ஈட்டியவர். அந்நாட்டு மக்கள் நிலமிழந்த கதையிலும் அவர் பெயர் உண்டு. ஆக்ஸ்போர்டுக்குச் செல்லும் மாணாக்கரைத் தேர நான்கு கூறுகளை அவர் எழுதினார்: கல்வித் தேர்ச்சி, வெளிக்கள விளையாட்டில் ஈடுபாடு, வாய்மை, அஞ்சாமை, கடமையுணர்ச்சி, எளியாரிடத்து இரக்கம் முதலிய பண்புகள், பிறரை நடத்திச் செல்லும் ஆற்றல். வெறும் புத்தகப் புழுக்கள் தமக்கு வேண்டா என்பதையும் வெளிப்படையாகவே எழுதினார். இனமோ சமயமோ தடையாகாது என்று உயிலே கூறிற்று. 1907-ஆம் ஆண்டில் ஆலன் லாக் என்னும் கறுப்பின அமெரிக்கர் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆக்ஸ்போர்டுக் கல்லூரிகள் சில அவரைச் சேர்க்க மறுத்தன. அவருக்குப்பின் அவ்வினத்தார் மற்றொருவர் அமெரிக்காவினின்று தேர்ந்தெடுக்கப்பட அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று. பெண்கள் 1977-ஆம் ஆண்டு முதலே தகுதி பெற்றனர். இந்தியர்க்கு 1947-ஆம் ஆண்டிற் கதவு திறந்தது.

குணத்தை எழுதுவதிற் பிழையில்லை. அதனை யார் கண்கொண்டு காண்பது என்பதே இடர். நடத்திச் செல்லும் ஆற்றல் என்று எழுதினால், தேர்வுக் குழுவினர் தம்மைப் போன்ற தோற்றமும் பேச்சும் உடையாரிடத்தே அதனைக் காண்கின்றனர். ரோட்ஸ் நிதிக்கோ குழுவும் நேர்காணலும் சான்றோர் கடிதங்களும் உண்டு. எம் ஊர்க் குடும்பத்தார்க்கு ஒரு வைப்புச் சீட்டும் ஒரு மேசையும் உண்டு. பதினைந்து வயதுப் பிள்ளையை அழைத்து, உன் பொறுமையைக் காட்டுக என்றால் அப்பிள்ளை என் செய்யும்? பொறுமையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதும். கட்டுரை நன்றாக இருப்பவர்க்குப் பணம் செல்லும். அவ்வம்மையார் ஒரு கட்டுரையும் எழுதியவரல்லர்.

நிறுவியவர் எண்ணாத பயனும் ஒரு நிதியால் விளைதல் உண்டு. 1794-ஆம் ஆண்டில் மறைந்த பச்சையப்ப முதலியார் தம் உயிலிற் கோயில் அறங்களையே முதன்மையாகக் கருதினார். நெடுநாள் வழக்காடியபின், பெருகி நின்ற வட்டியினின்று 1842-ஆம் ஆண்டிற் சென்னையிற் பள்ளி எழுந்தது. பின்னர் அது கல்லூரியாய் வளர்ந்தது. ஆயினும் 1947 வரை இந்து மாணாக்கரே அங்குச் சேரலாம் என்னும் நிலை இருந்தது. எம்மைப் போன்றார் அதற்கு முன் பிறந்திருந்தால் அவ்வாயிலில் நின்று திரும்பியிருப்போம். ஒரு தலைமுறையார் இயல்பெனக் கருதி இடும் வேலி அடுத்த தலைமுறையார் கழுத்தளவு உயர்ந்து நிற்கும். எனவே சாதி, சமயம், உறவு என்னும் மூன்று சொற்களும் எம் தாளில் வாரா என்பதை முதலிலேயே சொல்லிவிட்டோம். உறவு என்பதை விடுவதில் மட்டும் வீட்டிற் சிறிது வருத்தம் இருந்தது.

மகளார் கருத்துக்கு வருவோம். இங்குக் கணக்கு நம்மைக் கைப்பிடித்து நிறுத்துகின்றது. வட்டி நூற்றுக்கு ஏழு எனக் கொண்டால் ஐந்து இலட்சத்திற்கு ஆண்டுதோறும் 35,000 ரூபாய். விலைவாசி ஏறுங்கால் முதல் தேய்ந்துபோகாதிருக்க அதில் 5,000 ரூபாயை முதலோடு சேர்த்துவிட வேண்டும். எஞ்சிய 30,000 ரூபாயைப் பத்துப் பேருக்குப் பிரித்தால் தலைக்கு 3,000. அது ஒரு பையும் இரண்டு சீருடையும் சில குறிப்பேடுகளும் ஆகும். வாங்கும் நாளில் மகிழ்ச்சி தரும். யாருடைய வழியையும் மாற்றாது. இருவர்க்கு 15,000 எனக் கொடுத்தால், ஓராண்டுப் பேருந்துக் கட்டணமும் பரீட்சைக் கட்டணமும் நூல்களும் போக, வீட்டார் கையிலும் சிறிது நிற்கும். பத்துப் பேர் பெயர் தாளில் வரும் மகிழ்ச்சியை விட்டுவிட மகளார் உடனே இசைந்தார். அவர் தாமும் கணக்கு எழுதுபவர்.

எளியார்க்கு என்பது சரி, எந்த எளியார்க்கு? ஏழ்மையை எவ்வாறு அளப்பது? வருமானச் சான்றிதழ் ஒன்று உண்டு. ஆயின் போடியிலும், குரங்கணி, கொட்டகுடி முதலிய மலைச்சரிவு ஊர்களிலும் காய் பறித்து வாழும் குடும்பங்கள் எல்லாம் அச்சான்றிதழிற் கிட்டத்தட்ட ஒன்றே. ஒருவரினும் ஒருவர் மிக்க ஏழை என்று காட்டவேண்டுமாயின், பிள்ளைகள் தம் வீட்டுத் துயரை அயலார் முன் விரித்துரைக்க வேண்டியதாகும். பணம் கொடுப்பதற்கு முன் மானத்தை வாங்கிக்கொள்ளும் அம்முறை எமக்கு உடன்பாடன்று. கடனாகக் கொடுத்து மானத்தைக் காக்கலாமே என்றும் ஒருவர் வினவினர். ஜம்சேட்ஜி டாட்டா 1892-ஆம் ஆண்டில் நிறுவிய நிதி அத்தகையது. பிற்காலத்திற் குடியரசுத் தலைவரான கே. ஆர். நாராயணன் இலண்டனிற் பயின்றது அவ்வுதவியாலேயே. மேல்நாடு சென்று உயர்கல்வி பெறுவார்க்கு அது தக்க வழி. கங்காணியிடம் முன்பணம் வாங்கி அது தீரும்வரை மலையேறிய தலைமுறையின் பேரப்பிள்ளைகளிடத்தில், பத்தாம் வகுப்பிலேயே கடன் என்னும் சொல்லைக் கொண்டு செல்லுதல் ஆகாது.

இவ்விடத்தில்தான் அவ்வம்மையாரின் மூன்றாம் வகுப்பு எமக்கு மீண்டும் நினைவிற்கு வந்தது. இறந்தாரைப் போன்ற குணமுடையாரைத் தேடுகின்றோம். அதனை அளக்க இயலவில்லை. அவரை நிறுத்திய இடம் எது என்று தேடினால் என்ன? அவர் நின்ற இடத்தில் இன்றும் நிற்பவர் யார்? ஏலக்காய்ப் பருவம் முழுவதும் பள்ளியாண்டின் நடுவே விழுகின்றது. ஆடியிலிருந்து மாசி வரை தாய்க்குத் துணையாகவோ, தம்பி தங்கையர்க்குக் காவலாகவோ நிற்கும் பிள்ளை, பங்குனிப் பரீட்சைக்கு முன் தானே பள்ளியை மறந்துவிடுகின்றது. உயர்வகுப்புகளுக்கு மலையினின்று போடிக்கே இறங்கவேண்டிய ஊர்களில் இது இன்னும் எளிதாய் நிகழும். நிற்பவர் எல்லாரும் நின்றே போவதில்லை. ஓராண்டு, ஈராண்டு கழித்து, தம்மினும் இளையாரோடு ஒரே பலகையில் அமரத் துணிந்து, மீண்டும் வருவார் சிலர் உளர். தனித்தேர்வராய்ப் பரீட்சைக்குப் பணங்கட்டுவாரும் உளர். முதல் மதிப்பெண் பட்டியலில் அவர் வாரார். நன்மாணாக்கர் பட்டியலிலும் வாரார். வருகைக் குறைவு என்னும் பட்டியலில் மட்டுமே அவர் பெயர் உண்டு.

அவர்க்கே இவ்வுபகாரச் சம்பளம் என்று எழுதினோம்: இடையிற் படிப்பு நின்று, மீண்டும் தொடங்கியவர்.

உடனே தடை எழுந்தது. படிப்பை விட்டவர்க்குப் பரிசா? இது பிள்ளைகளைப் படிப்பை விடத் தூண்டாதா? 15,000 ரூபாய் பெறுவதற்காக ஒருவரும் ஓராண்டு படிப்பை விடார். ஒரு பருவம் காய் பறித்தால் அதனினும் மிகுதியாய்க் கூலி கிடைக்கும் என்பதை அவ்வீட்டாரைவிட நன்கறிந்தவர் யார்? கூலியை விட்டுப் பள்ளிக்கு வருபவர் ஏற்கெனவே தம் கைப்பொருளை இழந்தே வருகின்றார். அவ்விழப்பிற் சிறு பங்கையே நாம் ஈடு செய்கின்றோம்.

இவ்வரையறைக்கு மற்றொரு நன்மையும் உண்டு. எமக்கு அதுவே பெரிதாய்த் தோன்றிற்று. இதற்குக் கண்ணீர்க் கதை வேண்டா. பள்ளி விட்ட நாளும் மீண்டும் சேர்ந்த நாளும் மாற்றுச் சான்றிதழிலும் சேர்க்கைப் பதிவேட்டிலும் உள்ளன. தனித்தேர்வர்க்கு மதிப்பெண் சான்றிதழ்களின் ஆண்டுகளே போதும். ஏன் நின்றாய் என்று ஒருவரும் கேட்கவேண்டுவதில்லை. இருவர்க்கு மேல் வருவாராயின், மிக நீண்ட இடைவெளிக்குப்பின் வந்தவர் முதல்வர்.

ஊர் வரையறையிற் சிறிது நேரம் நின்றோம். போடியிற் பிறந்தவர் என்று எழுதினால் போடிமெட்டின் அப்பாற் பிறந்த பிள்ளைகள் வெளியே நிற்பர். திருவிதாங்கூராய் இருந்து 1956 முதல் கேரளமாகிய அப்பக்கத்துத் தோட்டங்களில், தமிழ்க் குடும்பங்கள் பருவத்திற்கு ஏற்ப அங்கும் இங்குமாய் வாழ்கின்றன. அங்குத் தமிழ்வழிப் பள்ளிகளும் உண்டு. நான்காம் வகுப்பு அங்கே, ஏழாம் வகுப்பு இங்கே என்று பயிலும் பிள்ளை, எல்லைக்கோட்டின்மேல் எழுதும் எல்லா விதிகளிலும் வழுக்கி விழும். தமிழ்நாட்டு அரசு 2022-இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டமும், 2024-இல் தொடங்கிய தமிழ்ப்புதல்வன் திட்டமும் கல்லூரி மாணாக்கர்க்கு மாதம் ஆயிரம் ரூபாய் வழங்க வந்தவை. அவை ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டுப் பள்ளியிற் பயின்றிருத்தலை வேண்டின. அரசுக்கு அத்தகைய கோடு இன்றியமையாதது. ஒரு குடும்பத்தின் சிறு நிதிக்கு அது வேண்டுவதில்லை. போடியினின்று மலையேறுவோர், மலையினின்று போடிக்கு இறங்குவோர் ஆகிய இருவர் பிள்ளைகளும் என்று எழுதினோம். சட்டம் பயின்றார் இத்தொடரைக் கண்டு நகைப்பர். போடியில் எல்லார்க்கும் பொருள் விளங்கும்.

கடைசி வரி, கும்பகோணத்துத் தாளில் இல்லாத வரி: ஒரு பரீட்சையில் தவறினும் அடுத்த ஓராண்டுக்குத் தொகை நிற்காது, பள்ளிக்கு வருதல் நின்றால் மட்டுமே நிற்கும், மீண்டும் வந்தால் மீண்டும் கொடுக்கப்படும்.

மூத்த மகனார் இதற்கு இன்னும் முழுதும் இசைந்திலர். தம் அன்னையார் பள்ளியை விட்டவர் என்பதை ஊரறியத் தாளில் எழுதுவது அவர்க்கு இழிவாகத் தோன்றுகின்றது. அவ்வருத்தம் பொய்யன்று, ஆதலின் காரணத்தை எழுதாது வரையறையை மட்டும் எழுதினோம். பெயரின் கீழ் அவர் பிறந்த ஆண்டும் மறைந்த ஆண்டும் மட்டுமே இருக்கும். விண்ணப்பம் அரைத்தாள், புகைப்படம் வேண்டா, மேடையும் மாலையும் இல்லை. விண்ணப்பங்களை எங்குப் பெறுவது என்பதை மகளார் முடிவு செய்தார். பகலிற் கடைக்கு வரச் சொன்னால் ஒரு நாட் கூலி போய்விடும் என்று கூறி, மாலையில் மலையினின்று ஜீப்புகள் வந்து நிற்கும் இடத்திலேயே, ஆனி மாதத்தில் ஒரு வாரம், ஏழு மணி முதல் ஒன்பது மணி வரை தாமே அமர்ந்திருப்பதாக அவர் சொல்லியிருக்கின்றார்.